கெய்ரோவிலிருந்து லக்சர்: காலையில் பறந்து இரவில் திரும்ப ஒரு வழிகாட்டி

கெய்ரோவில் நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் கீசா பிரமிடுகளைப் பார்த்த கையோடு கேட்பது, "லக்சருக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?" என்றுதான். முடியும். தரைவழியில் சுமார் 650 கிலோமீட்டர். ரயிலில் ஒன்பது பத்து மணி நேரம் போய்விடும். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அதனால் அதிகாலையில் பறந்து, இன்றைய லக்சர் நிற்கும் பண்டைய தீப்ஸ் நகரத்தின் கோயில்களையும் கல்லறைகளையும் பார்த்து, இரவு கெய்ரோவுக்குத் திரும்பும் ஏற்பாட்டைப் பல பயண முகவர்கள் விற்கிறார்கள்.

இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால் லக்சரில் தங்கிவிடுவதே நல்லது. ஒருநாள் பயணத்தில் தரையில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அதற்குள் அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுட் அரசியின் கோயில், கர்னாக் கோயில், லக்சர் கோயில் என நான்கு இடங்களை நிதானமாகப் பார்க்கலாம். வெப்பக் காற்றுப் பலூன் கிடைக்காது. அது சூரியன் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடும், நீங்கள் அப்போது கெய்ரோ விமான நிலையத்தில் இருப்பீர்கள். மெதினத் ஹாபு, பிரபுக்களின் கல்லறைகள், நெஃபர்தாரி கல்லறை ஆகியவற்றையும் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எங்கோ இருபது நிமிடத்தில் இறக்கி ஏற்றப்போகிறார்கள் என்று பொருள்.

முன்பதிவில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி விமான நேரம். லக்சரில் காலை 7 மணிக்குள் இறங்கும் விமானம் வேண்டும். திரும்புவது இரவு 7 மணிக்குப் பிறகு இருக்க வேண்டும். விளம்பரத்தில் "அதிகாலை விமானம்" என்று மட்டும் போட்டிருந்தால் விமான எண்ணையும் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். காலை 9 மணிக்குமேல் போய் இறங்கினால் பள்ளத்தாக்கில் உச்சிவெயிலும் செங்கடல் கரை ஊரான ஹுர்காதாவிலிருந்து வரும் பேருந்துக் கூட்டமும் ஒன்றாகக் காத்திருக்கும்.

இரண்டாவது, விலையில் என்னென்ன அடங்கும் என்பது. பெரும்பாலான தொகுப்புகளில் விமானம், கார், கைடு, பொது நுழைவுச் சீட்டுகள், மதியச் சாப்பாடு ஆகியவை இருக்கும். சிறப்புக் கல்லறைகளின் தனிச் சீட்டு, சாப்பாட்டுடன் குடிக்கும் பானம், டிப்ஸ் ஆகியவை இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக 2025-இல் வெளிநாட்டவருக்கு இருந்த கட்டணங்கள்: அரசர்களின் பள்ளத்தாக்கு 750 எகிப்தியப் பவுண்டு, கர்னாக் 600, லக்சர் கோயில் 500, ஹட்ஷெப்சுட் கோயில் 440. மொத்தம் 2,290 பவுண்டு. ஒரு டாலர் ஏறத்தாழ 50 பவுண்டாக இருந்ததால் இது 46 டாலருக்கு அருகே வரும். ஆண்டுதோறும் கட்டணம் ஏறும் நாடு இது. கிளம்பும் முன் அரசின் சீட்டு விற்பனைத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் மாணவர் அட்டை இருந்தால் பாதி விலை.

மூன்றாவது, குழுவா, தனியா? விமானக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் இரண்டுக்கும் ஒன்றேதான். கூடுவது காருக்கும் கைடுக்கும் மட்டும். அதனால் மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் தனிச் சுற்றுலா தலைக்கு அதிகம் கூடாது. குழுவில் போனால் எல்லோரும் கழிப்பறை போய்வரும் வரை காத்திருப்பதிலேயே ஒரு கல்லறைக்கான நேரம் கரையும். கையில் நேரமே இல்லாத பயணத்தில் தனிக் காருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

நான்காவது, கடை நிறுத்தங்கள். அலபாஸ்டர் "தொழிற்சாலை", பப்பைரஸ் "ஆய்வகம்", வாசனைத் தைலக் கடை எல்லாமே கைடுக்கும் ஓட்டுநருக்கும் தரகு கொடுக்கும் கடைகள்தான். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை விழுங்கும். "கடைகள் வேண்டாம்" என்று முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். காலையில் கைடைச் சந்தித்ததும் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெயரும் பாஸ்போர்ட்டும்

உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிடாதீர்கள். நுழைவாயில், செக்-இன், விமான வாயில் என எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழர் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். அல்லது முதலெழுத்து விரிந்து அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ நிற்கும். முகவர் தன் ஊகப்படி எதையாவது நிரப்பிவிடுவார். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தை அனுப்பி, சீட்டு வந்ததும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டத்திலும் அதையே போடுவது பல நிறுவனங்களின் வழக்கம். எதுவானாலும் பயண நாளுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கவுன்டரில் நின்று திருத்துவது பெரும்பாடு.

அன்றிரவே கெய்ரோவிலிருந்து ஊருக்குப் பறக்கும் திட்டம் போட வேண்டாம். குளிர்காலக் காலைகளில் கெய்ரோவில் மூடுபனி. மார்ச் முதல் மே வரை கம்சீன் என்னும் மணற்காற்று. இரண்டுமே விமானங்களைத் தாமதப்படுத்தும். இடையில் ஒரு இரவாவது இருக்கட்டும்.

பையில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: பாஸ்போர்ட், பன்னாட்டுப் பயன்பாடு திறந்த கார்டு, சில்லறை நோட்டுகள், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சிறிய டார்ச், மெல்லிய துண்டு, பவர் பேங்க். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ட்ரோன் எகிப்துக்குள்ளேயே அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. காலுக்குப் பிடிப்புள்ள ஷூ. கல்லறைகளின் மரப்பலகைச் சரிவில் தேய்ந்த செருப்பு வழுக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் காலைக் குளிருக்கு ஒரு ஜாக்கெட். லக்சரில் விடியலில் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும், மதியம் இருபதைத் தாண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 40 டிகிரிக்குமேல்.

கார்டு பற்றி இன்னொரு விஷயம். முக்கியத் தலங்களின் சீட்டுக் கவுன்டர்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. விசா, மாஸ்டர்கார்டு மட்டுமே. இந்திய வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் மூடியே இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிறப்புக் கல்லறைச் சீட்டுக்குக் கைடின் கார்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

விடியற்காலை

விமானம் 5.30 மணிக்கு என்றால் 3.30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கீசா பக்கம் தங்கியிருந்தால் ஓட்டலிலிருந்து 2.30-க்கே கிளம்புவது நல்லது. முந்தின இரவே வரவேற்பில் சொல்லி வைத்தால் காலை உணவைப் பெட்டியில் கட்டித் தருவார்கள்.

புதியவர்கள் பலர் எதிர்பாராத விஷயம்: கெய்ரோவிலிருந்து கைடு உங்களுடன் பறக்க மாட்டார். ஒரு பிரதிநிதியோ ஓட்டுநரோ உங்களை முனைய வாசலில் இறக்கிவிடுவதோடு சரி. ஈஜிப்ட் ஏர் என்றால் மூன்றாவது முனையம். வேறு நிறுவனம் என்றால் முனையத்தைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். வாசலிலேயே முதல் சோதனை. பை ஸ்கேனரில் போகும், சீட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அச்சிட்ட சீட்டோ தொலைபேசியில் படமோ கையில் இருக்கட்டும். பிறகு செக்-இன். அதற்கப்புறம் இரண்டாவது சோதனை. பெல்ட், ஷூ கழற்ற வேண்டிவரும். தண்ணீர்ப் பாட்டிலை லக்சரில் வாங்கிக்கொள்ளலாம்.

விமானத்தில் வலப்பக்கச் சன்னல் கிடைத்தால் எடுங்கள். லக்சர் விமான நிலையம் நைலுக்குக் கிழக்கே இருக்கிறது. வடக்கிலிருந்து இறங்கும்போது ஆறு, பச்சை வயல், அதற்கப்பால் மேற்குக் கரையின் மஞ்சள் மலை என மூன்று பட்டைகளும் வலப்பக்கம் தெரியும்.

இறங்கி வெளியே வந்ததும் உங்கள் பெயர்ப் பலகையுடன் லக்சர் கைடு நிற்பார். எகிப்தில் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர்தான் கைடாக வேலைசெய்ய முடியும். அடையாள அட்டை கழுத்தில் தொங்கும். பையைத் தூக்கிக்கொண்டு "நான்தான் உங்கள் ஆள்" என்று முன்னே நடப்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

மேற்குக் கரை முதலில்

சில கைடுகள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கர்னாக்கிலிருந்து தொடங்குவார்கள். மறுத்துவிடுங்கள். பள்ளத்தாக்கு நிழலே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கிண்ணம்; வெயில் ஏறியதும் அங்கே நிற்க முடியாது. ஹட்ஷெப்சுட் கோயில் கிழக்கு நோக்கியது. காலை ஒளியில்தான் அதன் முகப்பு துலங்கும். கர்னாக்கில் தூண்களின் நிழல் உண்டு, அதனால் மதியத்தையும் தாங்கலாம். லக்சர் கோயில் இரவிலும் திறந்திருக்கும். ஆக, காலையில் மேற்கு, மதியத்துக்குப் பின் கிழக்கு. இந்த வரிசை கெட்டால் அன்றைய நாளே கெட்டது.

விமான நிலையத்திலிருந்து பள்ளத்தாக்குக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம். பாலம் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். நடுவில் காவல் சோதனைச் சாவடிகளும் உண்டு. இந்த நேரத்தில் தூங்காமல், எந்தெந்தக் கல்லறைக்குள் போவது என்று கைடிடம் பேசி முடிவுசெய்யுங்கள்.

அரசர்களின் பள்ளத்தாக்கு

கி.மு. 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி சுமார் ஐந்நூறு ஆண்டுகள் புதிய பேரரசின் மன்னர்களை இங்கே மலையைக் குடைந்து புதைத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன, ஒவ்வொன்றுக்கும் கே.வி. (ஆங்கிலத்தில் "கிங்ஸ் வேலி" என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகளோடு ஓர் எண். பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். எல்லாம் எப்போதும் திறந்திருக்காது. சுவர்கள் ஈரம் உலர்வதற்காகச் சுழற்சி முறையில் மூடித் திறக்கிறார்கள். அன்று திறந்திருப்பவை எவை என்று வாசலில் பலகை இருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. சீட்டுக் கவுன்டரிலேயே சிறப்புக் கல்லறைச் சீட்டையும் வாங்குங்கள். உள்ளே போன பிறகு நினைத்துக்கொண்டால் திரும்பி வர வேண்டும்.
2. பார்வையாளர் மையத்தில் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள்.
3. அங்கே பள்ளத்தாக்கின் கண்ணாடி போன்ற மாதிரி ஒன்று இருக்கிறது. தரைக்குக் கீழே கல்லறைகள் எப்படி நீள்கின்றன என்று அதில் தெரியும். கைடின் விளக்கத்தை இங்கே முழுதாகக் கேளுங்கள். கல்லறைக்குள் கைடுகள் நின்று விளக்க அனுமதி இல்லை. அவர் வெளியே நிற்பார், நீங்கள் தனியாகத்தான் இறங்குவீர்கள்.
4. மின்சார வண்டியில் ஏறி உள்வாசலில் இறங்குங்கள். இதை அங்கே "தஃப்தஃப்" என்பார்கள். சிறு கட்டணம்.
5. ஒவ்வொரு கல்லறை வாசலிலும் காவலர் சீட்டில் துளையிடுவார் அல்லது ஸ்கேன் செய்வார். மூன்று முடிந்தால் முடிந்ததுதான். தவறான வாசலில் சீட்டை நீட்டிவிட்டுத் திரும்பப் பெற முடியாது.

எந்த மூன்று? கே.வி. 11, மூன்றாம் ராமேசஸ் கல்லறை, திறந்திருந்தால் அதை முதலில் வையுங்கள். நீளம் 188 மீட்டர். வழியில் இருபுறமும் சிற்றறைகள். அவற்றில் ரொட்டி சுடுவோர், படகுகள், ஆயுதங்கள், யாழ் மீட்டும் இருவர். நடுவில் தாழ்வாரம் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்குவதைக் கவனியுங்கள். தோண்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துக் கல்லறையான கே.வி. 10-க்குள் இடித்துக்கொண்டுவிட்டார்கள், அதனால் அச்சை நகர்த்தி மறுபடி தொடங்கினார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அளவைப் பிழை அப்படியே நிற்கிறது.

இரண்டாவதாக கே.வி. 14, தவுசெர்த் அரசியும் செத்நக்தும் புதைந்த இடம். பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருப்பதால் பேருந்துக் கூட்டம் அவ்வளவு தூரம் நடக்காது. மூன்றாவதாக, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு கே.வி. 2, நான்காம் ராமேசஸ்: அகலமான வழி, மெல்லிய சரிவு. நன்றாக இறங்கி ஏற முடிந்தவர்களுக்கு கே.வி. 8, மெர்நெப்தா: செங்குத்து, கீழே பிரம்மாண்டமான கல் சவப்பெட்டி மூடிகள். மூன்றாம் துட்மோஸின் கே.வி. 34-க்கு முதலில் இரும்புப் படியில் மலை ஏறி, பிறகு உள்ளே இறங்க வேண்டும். மூடிய அறையில் மூச்சு முட்டுகிறவர்கள் தவிர்க்கலாம்.

தனிச் சீட்டு வேண்டியவற்றில், 2025-இல் 220 பவுண்டுக்கு இருந்த கே.வி. 9 கொடுத்த காசுக்கு மேலே தரும். ஐந்தாம், ஆறாம் ராமேசஸ்களின் கல்லறை அது. அடக்க அறையின் விதானம் முழுக்க வானத்தின் தேவியான நூத்தின் இரட்டை உருவம். துட்டன்காமனின் கே.வி. 62-க்கு 700. நான்கே சிறு அறைகள், ஓவியம் ஒரே அறையில். ஆனால் அரசனின் மம்மி கண்ணாடிப் பேழையில் அங்கேயே கிடக்கிறது. தங்கமெல்லாம் கீசாவில் உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில். அந்தத் தங்கத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் ஏமாற்றம் அடைவது வழக்கம். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடிக்கும்வரை இது பெரும்பாலும் தப்பியதற்குக் காரணம் மேலே இருக்கும் கே.வி. 9-தான்: அதைத் தோண்டியவர்களின் குடிசைகளும் கல்லிடிபாடும் இதன் வாசலை மூடிவிட்டன. முதலாம் சேத்தியின் கே.வி. 17-க்கு 2,000 பவுண்டு. புடைப்புச் சிற்பத்தில் அதற்கு இணை அங்கே இல்லை. கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதற்குப் போகலாம். முதல்முறை வருகிறவருக்கு மூன்று பொதுக் கல்லறைகளும் கே.வி. 9-உம் போதும். நான்குக்குமேல் போனால் கண் பார்க்கும், மனதில் ஏறாது.

உள்ளே எதைப் பார்ப்பது? பல கல்லறைகளின் வாசல் நிலைக்கு மேலே ஒரு வட்டம். அதற்குள் ஒரு வண்டும் ஆட்டுத்தலை மனிதனும். வண்டு காலைச் சூரியன், ஆட்டுத்தலை மாலைச் சூரியன். அந்த வாசலைத் தாண்டும்போது நீங்களும் சூரியனோடு மேற்கே அடைகிறீர்கள். கீழே போகப் போக இரவின் பன்னிரண்டு மணி நேரம் சுவரில் வரும்; படகில் சூரியன், அதை எதிர்க்கும் பாம்பு, அணியணியாக வாயில்கள். கடைசி அறையில் விதானத்தைப் பாருங்கள்: நூத் மாலையில் சூரியனை விழுங்கி, விடியலில் பெற்றெடுப்பாள். முட்டை வடிவக் கோட்டுக்குள் இருக்கும் எழுத்துகள் அரசன் பெயர். இவ்வளவு தெரிந்தால் சுவர்கள் வெறும் அலங்காரமாக நிற்காது.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து புழுங்கும். அந்த ஈரம்தான் ஓவியத்துக்கும் எதிரி. சுவரைத் தொடாதீர்கள், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. பெரிய கேமராவுக்குத் தனிச் சீட்டு கேட்கலாம்.

சுவரில் கிரேக்கக் கிறுக்கல்கள் கண்ணில் படும். ரோமானியர் காலத்திலேயே இது சுற்றுலாத் தலம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கப் பொறிப்புகளை அறிஞர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே தமிழ்ப் பிராமியும் இருக்கிறது. சார்லட் ஷ்மித், இங்கோ ஸ்ட்ராவ் ஆகிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டவற்றில் சிகை கொற்றன் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் "பானை உறி" என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு ஒன்று முன்பே கிடைத்தது. அந்தத் துறைகளில் இறங்கிய சரக்கு பாலைவனம் கடந்து நைலை அடைந்த கோப்டோஸ், இன்றைய கிஃப்த், லக்சருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. கொற்றனைப் பார்த்து உங்கள் பெயரையும் கீறத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். இன்று அது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம்.

பள்ளத்தாக்குக்கு இரண்டேகால் மணி நேரம் கொடுங்கள்.

ஹட்ஷெப்சுட் கோயில், மெம்னோன் சிலைகள்

பத்தரை மணிக்கு இங்கே வந்துவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது நாள். செங்குத்துப் பாறையின் அடியில் மூன்று மேடைகள், நடுவில் சாய்தளம். எல்லோரும் நேராக மேலே ஏறிப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். பார்க்க வேண்டியது நடு மேடையில் இருக்கிறது. கோயிலைப் பார்த்து நின்றால் இடப்பக்கத் தூண்வரிசையில் புந்த் நாட்டுக்குப் போன கடற்பயணம்: கூடையில் வேரோடு வைத்த நறுமண மரங்களைக் கப்பலில் ஏற்றுகிறார்கள், கப்பலுக்கு அடியில் செங்கடல் மீன்கள். வலப்பக்கக் கோடியில் நரித்தலைத் தெய்வமான அனுபிஸின் சன்னதி. வண்ணம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பல இடங்களில் அரசியின் உருவம் மட்டும் கொத்தி எடுக்கப்பட்டிருக்கும். அடுத்து ஆண்ட மூன்றாம் துட்மோஸ் காலத்து வேலை அது. ஒரு மணி நேரம் போதும். கீழே வண்டி நிறுத்தத்திலிருந்து இங்கும் தஃப்தஃப் உண்டு.

திரும்பும் வழியில் மெம்னோன் சிலைகள். மூன்றாம் அமன்ஹோதெப் அரசன் அமர்ந்திருக்கும் இரண்டு உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 18 மீட்டர். கட்டணம் இல்லை. பத்து நிமிடம்.

சாப்பாடு

மேற்குக் கரையிலேயே ஆற்றை ஒட்டிய உணவகம் ஒன்றில் நிறுத்துவார்கள். பெரும்பாலும் கோழி, கொஃப்தா, சோறு, சாலட், தஹினி. சைவர்கள் "நபாத்தி" என்று சொன்னால் சில இடங்களில் கோழிச் சாறு ஊற்றிய முலோகியா என்னும் கீரைக் குழம்பை வைத்துவிடுவார்கள். "சியாமி" என்று சொல்லிப் பாருங்கள். காப்டிக் கிறித்தவர்களின் நோன்புச் சாப்பாட்டைக் குறிக்கும் சொல் அது. இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. அவித்த ஃபூல் பயறு, தஅமியா என்னும் பயறு வடை, கத்தரிக்காய், ரொட்டி எங்கும் கிடைக்கும். தண்ணீர் மூடி உடையாத பாட்டிலில் மட்டும். வெயில் காலத்தில் தலைக்கு மூன்று லிட்டர்.

சாப்பிட்டதும் பாலம் சுற்றாமல் படகில் ஆற்றைக் கடக்க முடியுமா என்று கேளுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் அக்கரை. கார் பாலம் வழியாக வந்து சேரட்டும்.

கர்னாக்

மாலை 5 மணியளவில் மூடுகிறார்கள். ரமலான் மாதத்தில் இன்னும் முன்பே. 1.45-க்கு உள்ளே போனால் இரண்டு மணி நேரம் தாராளம்.

முதல் கோபுரவாசலைத் தாண்டியதும் வலப்புறம் திரும்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மண் செங்கல் மேடு ஒன்று சாய்ந்து கிடக்கும். அது கட்டுமானச் சாரம். கோபுரம் முடிக்கப்படாமலே நின்றுபோனதால் அகற்றாமல் விட்டார்கள். கற்களை மேலே ஏற்றிய விதத்துக்கு நேரடிச் சாட்சி.

அடுத்தது பெருந்தூண் மண்டபம். 134 தூண்கள், நடுவில் உள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். இங்கே அவசரப்படாதீர்கள். வடக்குப் பாதியில் உருவங்கள் கல்லிலிருந்து புடைத்து நிற்கும். அது முதலாம் சேத்தியின் காலம். தெற்குப் பாதியில் கல்லுக்குள் குடைந்திருக்கும். அது மகன் இரண்டாம் ராமேசஸ். குடைவது சீக்கிரம் முடியும், வெயிலில் ஆழமான நிழலும் விழும். தலையை உயர்த்தினால் தூண்தலைகளின் அடியில் சுத்தப்படுத்திய வண்ணங்கள் தெரியும். ஹட்ஷெப்சுட்டின் தூபி (ஒபிலிஸ்க் எனப்படும் கூர்முனைக் கல்தூண்) சுமார் 30 மீட்டர், ஒரே கிரானைட் கல். அஸ்வானிலிருந்து ஆற்றில் வந்தது. புனிதக் குளத்தின் அருகே உள்ள கல் வண்டை ஏழுமுறை சுற்றினால் நல்லது நடக்கும் என்பார்கள். அது சுற்றுலாக்காரர்களுக்காக முளைத்த சாஸ்திரம்.

கயிறு கட்டிய பகுதிக்குள் "வா, நல்ல படம்" என்று கூப்பிடும் காவலர்கள் இங்கேதான் அதிகம். பின்னாலேயே போனால் கை நீளும்.

பக்ஷீஷ்

சிறு உதவிக்குக் கேட்கும் காசுதான் பக்ஷீஷ். கல்லறையில் அட்டை விசிறியைக் கையில் திணிப்பார்கள், டார்ச் அடித்துக் காட்டுவார்கள், உங்கள் தொலைபேசியை வாங்கிப் படம் எடுத்துத் தருவார்கள். எதையும் வாங்காவிட்டால் எதுவும் தர வேண்டியதில்லை. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள்; நின்று விளக்கம் சொன்னால் பேச்சு வளரும். உதவியை ஏற்றுக்கொண்டால் 20 பவுண்டு போதும். அதனால்தான் 10, 20 பவுண்டு நோட்டுகள் தனிப் பையில் வேண்டும். 200-ஐ நீட்டினால் மீதி வராது. 50 பியாஸ்தர் என்று ஒரு நோட்டு உண்டு, அரைப் பவுண்டு அது. 50 பவுண்டு மாதிரிக் காட்டி மாற்றக் கேட்பார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் அலகையும் படியுங்கள். கைடுக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் கடைசியில், தனித்தனியாக, அவரவர் கையில்.

லக்சர் கோயிலும் திரும்புதலும்

கர்னாக்கிலிருந்து லக்சர் கோயில் வரை 2.7 கிலோமீட்டருக்கு ஸ்பிங்க்ஸ் வரிசைப் பாதை. 2021 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். முழுதும் நடக்க நேரம் இருக்காது. காரில் போய், லக்சர் கோயில் முனையில் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். வாசலில் ஒரே தூபி நிற்கும்; அதன் ஜோடி 1836 முதல் பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் இருக்கிறது. உள்ளே பழைய கோயில் சுவர்மேலேயே அபூ ஹகாக் மசூதி. அதன் பழைய கதவு இன்றைய தரைக்கு வெகு உயரத்தில் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தால், கோயில் எவ்வளவு மண்ணுக்குள் புதைந்திருந்தது என்று புரியும்.

விளக்கொளியில் பார்க்கும் ஆசை குளிர்காலத்தில் எளிதில் நிறைவேறும். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் மறையும். ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை எகிப்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். கோடையில் இருட்ட எட்டு மணியாகும். அந்த மாதங்களில் கடைசி விமானம் கிடைத்தால் மட்டுமே விளக்கொளி வாய்க்கும்.

இங்கிருந்து விமான நிலையம் இருபது இருபத்தைந்து நிமிடம். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். 7.30 விமானம் என்றால் 5.30-க்குக் கோயிலை விட்டுக் கிளம்ப வேண்டும். காலையிலேயே விமானம் தாமதமாகி ஒரு மணி நேரம் போயிருந்தால் லக்சர் கோயிலைத்தான் வெட்ட வேண்டும், பள்ளத்தாக்கை இல்லை. இதை முன்கூட்டியே கைடிடம் சொல்லி வையுங்கள். திரும்பும் விமானம் ரத்தானால் முகவரின் கெய்ரோ எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் காலையிலேயே தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். லக்சர் கைடு உங்களை வாசலில் விட்டதும் வீட்டுக்குப் போய்விடுவார். கெய்ரோவில் இறங்கும்போது வருவதாகச் சொன்ன கார் எந்த வாசலில் நிற்கும் என்பதையும் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.